ராங்க் வாங்கிய செடிகள்

எனக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும் என்று எங்கள் தெரு நம்பியது மொத்தம் எட்டு நாள். நான் அதற்கு முன்னாலும் நம்பினேன், பின்னாலும் கொஞ்ச காலம் நம்பினேன். அது வேறு விஷயம். அந்த எட்டு நாளில் ஒரு தெருவின் நல்ல செடிகள் அத்தனையையும் வேரோடு பிடுங்க வைத்தேன். அம்மிக்கல்லையும் ஆட்டுக்கல்லையும் நடுத்தெருவுக்கு உருட்ட வைத்தேன். கடைசியில் பெற்ற தகப்பனின் கொட்டகைக்கு என் கையாலேயே நெருப்பும் வைத்தேன். எதுவும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. படித்த திமிரில் செய்தது. (கெட்ட எண்ணம் உள்ளவனுக்கு எங்காவது ஓரிடத்தில் பயம் வந்துவிடும். இந்தத் திமிருக்கு அந்த வழக்கமே கிடையாது.)

ஐம்பதுகளின் தொடக்கம். கோவளத்துக்கும் நெம்மேலிக்கும் நடுவில், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாய், இடையில் மணல். அந்த மணலில் முப்பது நாற்பது வீடுகள் கொண்ட ஒரு தெரு. கால்வாய்ப் பக்கம் எங்களைப் போன்ற பாய்மார் வீடுகள், கடல் பக்கம் மீன் பிடிக்கிறவர்கள் வீடுகள். நடுவில் எங்கள் தகப்பனாரின், நாங்கள் கூப்பிடுகிறபடி அத்தாவின், விறகுத் தொட்டி. (விறகு அடுக்கி வைத்து விற்கிற இடத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். தண்ணீர் இருக்கும் என்று குடத்தோடு வந்து ஏமாந்த வெளியூர்க்காரர்கள் உண்டு.) சவுக்குத் தோப்புகளில் மரம் வெட்டி, கட்டைகளைக் கால்வாய்ப் படகில் ஏற்றி மெட்ராசுக்கு அனுப்புவது அத்தாவின் தொழில். தொட்டிக்குள் கட்டை ஒரு மலை. மெல்லிய கிளைகளான மிலாறு இன்னொரு மலை. தரை முழுக்கச் சவுக்குச் சருகு கணுக்கால் ஆழத்துக்குப் பாய் விரித்தது போலக் கிடக்கும்.

நான் செங்கல்பட்டில் சின்னம்மா வீட்டில் தங்கிப் படித்து எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியவன். தெருவிலேயே முதல் ஆள். இங்கிலீஷில் நாற்பத்திரண்டு மார்க். முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். மிச்சம் இருந்த அந்த ஏழு மார்க்தான் ஊரைக் கெடுத்தது.

சித்திரை மாதம் ஒரு காலையில் பஞ்சாயத்து போர்டு பியூன் வந்து, எங்கள் தொட்டிக் கதவில் பசை தடவி ஒரு காகிதத்தை ஒட்டினார். தெரு கூடிவிட்டது. சர்க்கார் காகிதமெல்லாம் அப்போது இங்கிலீஷில்தான் வரும். எதிர் வீட்டு செல்லம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தார். கடற்கரையில் மீன் எடுத்து, திருப்போரூர் சந்தை வரைக்கும் தலையில் சுமந்துபோய் விற்கிறவர். மீனோ மனிதனோ, செவுளைத் தூக்கிப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார்.

"இன்னாய்யா எழுதிக்கீது?" என்று பியூனைக் கேட்டார்.

"ஒட்டிட்டு வரச் சொன்னாங்க. படிச்சுட்டு வரச் சொல்லலை" என்று சொல்லிவிட்டு அவர் பசை டப்பாவோடு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

அத்தா கூட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னைப் படிக்க வைத்ததற்கு இன்றுதான் பலன் என்கிற மாதிரி ஒரு பார்வை.

"அனிபா, வந்து படிப்பா. ஜனங்க நிக்குது."

நான் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு (சட்டை போட்டிருந்தது கூட்டத்தில் நான் ஒருவன்தான்) முழுக் காகிதத்தையும் இங்கிலீஷில் உரக்க ஒரு தடவை படித்தேன். செங்கல்பட்டு வாத்தியாரின் குரலை அப்படியே எடுத்து வைத்துப் படித்தேன். யாருக்கும் ஒரு வார்த்தையும் புரியவில்லை. அதனால் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

"அர்த்தம் சொல்லு" என்றார் செல்லம்மா.

முதல் பாதியில் சிக்கல் இல்லை. வீட்டுக்காரர்கள் எல்லோரும், ஏழு நாளைக்குள், தங்கள் இடத்திலிருந்து அப்புறப்படுத்த வேண்டும், தவறினால் அபராதம். சரி, எதை அப்புறப்படுத்த வேண்டும்? அங்கேதான் இரண்டு கண்ணிகள் இருந்தன. ஒன்று, 'ராங்க் வெஜிடேஷன்'. இன்னொன்று, 'இன்ஃப்ளேமபிள்' பொருள்கள்.

வெஜிடேஷன் என்றால் செடிகொடி. அது தெரியும். ராங்க் தெரியாதா? பரீட்சையில் முதல் ராங்க், இரண்டாம் ராங்க். (எனக்கு இருபத்து மூன்று.) ஆகவே ராங்க் வாங்கத் தகுந்த செடிகள், அதாவது முதல் தரமான செடிகள். இன்ஃப்ளேமபிள் இன்னும் சுலபம். ஃப்ளேம் என்றால் தீ. முன்னால் 'இன்' வந்தால் இல்லை என்று பொருள். டிபென்டென்ட் என்றால் அடிமை, இன்டிபென்டென்ட் என்றால் அடிமை இல்லை. நாட்டுக்கு அந்த 'இன்' வந்து நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் யார் மறப்பார்கள்? ஆகவே, தீப்பிடிக்காத பொருள்கள்.

வீட்டுக்குள் டிரங்குப் பெட்டியில் என்னிடம் ஒரு டிக்ஷனரி இருந்தது. நின்ற இடத்திலிருந்து இருபது அடி. ஆனால் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போது எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியவன் டிக்ஷனரியைத் தேடிப் போவதா? அந்த இருபது அடியை நான் நடந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

"முதல் தரமான செடிகொடிகளையும் தீப்பிடிக்காத சாமான்களையும் ஏழு நாளைக்குள்ள வீட்டை விட்டு வெளியே எடுத்துடணும்" என்றேன். 'இன்' கணக்கையும் விளக்கினேன்.

"நல்லா கீற செடிய இன்னாத்துக்குப் புடுங்கணும்?" என்றார் செல்லம்மா.

எனக்கும் அந்தக் கேள்வி உள்ளே லேசாக எழுந்தது. ஆனால் என் வாய் மூளையை விட வேகமானது. "வனமகோத்சவம்" என்றேன். முந்தின வருஷம் ஆபீசர்கள் வந்து எங்கள் தெருமுனையில் ஒரு மரக்கன்று நட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அவர்கள் படகு ஏறுவதற்குள் ஆடு அதைத் தின்றுவிட்டது. "சாதாரணக் கன்னா இருந்ததாலதான் அது பொழைக்கல. இப்ப சர்க்கார் ஊர் ஊரா முதல் தரமான செடியா எடுத்து ஒரே இடத்துல நட்டு வளர்க்கப் போறாங்க."

"சரி. தீப்பிடிக்காத சாமானு?"

"போன வருஷம் பக்கத்துக் குப்பம் எரிஞ்சுதே, எத்தனை பேர் அம்மியிலயும் ஆட்டுக்கல்லுலயும் தடுக்கி விழுந்தாங்க? எரியற பொருள் எரிஞ்சு சாம்பலாயிடும், வழி விட்டுடும். எரியாத பொருள்தான் வழியை மறிக்கும்."

இதைச் சொல்லி முடித்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. சர்க்கார் எவ்வளவு யோசித்திருக்கிறது என்று தோன்றியது.

"யாரு சொன்னாலும் எங்கூட்டு முருங்கைய நான் தொட மாட்டேன்" என்று செல்லம்மா கூடையைத் தூக்கிக்கொண்டார். "சர்க்காருக்கு வோணும்னா சர்க்காரே வந்து வெட்டிக்கினு போவட்டும்."

"அபராதம் போடுவாங்க, செல்லம்மாக்கா."

"போடட்டும். அதையும் நீயே படிச்சு சொல்லு."

மற்றவர்கள் என்னை நம்பினார்கள். நம்பிக் கேட்டார்கள்: எது முதல் தரம் என்று யார் முடிவு பண்ணுவது? நியாயமான கேள்வி. மறுநாள் காலை ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு நானே வீடு வீடாகப் புறப்பட்டேன். கத்திரி, வெண்டை, மல்லிகைப் பந்தல், கறிவேப்பிலை எல்லாவற்றின் முன்னாலும் நின்று, இலையைத் திருப்பிப் பார்த்து, பக்கத்தில் ஒரு கல்லிலோ சுவரிலோ ஒன்று, இரண்டு, மூன்று என்று ராங்க் எழுதினேன். மூன்று வரைக்கும் பிடுங்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் பெயில், வீட்டிலேயே கிடக்கலாம். சப்பாத்திக் கள்ளி வேலிக்கு வேலி ஆள் உயரம் நின்றது. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்தேன். எருக்கும் முட்செடியும் அப்படியே. அதெல்லாம் கடைசி பெஞ்சு.

மூன்றாம் நாள் ஒரு புது வம்பு வந்தது. செடியை இழக்கப் போகிறோமே என்று அழுதவர்கள் போக, ராங்க் கிடைக்கவில்லையே என்று சண்டைக்கு வருகிறவர்கள் கிளம்பினார்கள். வலை பின்னுகிற கோவிந்தன் பெண்சாதி இடுப்பில் கை வைத்து நின்று, "அவ வூட்டு கத்திரிக்கு ஃபஸ்ட் ராங்கு, எங்கூட்டு கத்திரிக்கு தேர்டா? அதுல புழு கீது, நீ உள்ளார பாத்தியா?" என்று கேட்டாள். மறு பரிசீலனை செய்து இரண்டாம் ராங்க் கொடுத்தேன். அன்று மாலை எங்கள் வீட்டுக்கு நாலு வஞ்சிரம் வந்தது. அம்மா வாங்கி வைத்துக்கொண்டார். (லஞ்சம் என்று எனக்குத் தோன்றவில்லை. மரியாதை என்று தோன்றியது. லஞ்சம் வாங்குகிற எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றுமாம்.)

யூசுப் மாமா வீட்டுக்கு வந்தேன். அம்மாவின் அண்ணன். வலை நூலும் மளிகையும் விற்கிற கடை வைத்திருந்தார். அவருடைய மகள் மும்தாஜை எனக்குக் கட்டுவது என்று இரண்டு வீட்டிலும் பேச்சு இருந்தது. அவர் வீட்டு முற்றத்தில் ஓர் ஒட்டு மாமரம். மதுராந்தகத்திலிருந்து கன்றாக வாங்கி, ரயிலில் மடியில் வைத்து, செங்கல்பட்டிலிருந்து மாட்டு வண்டியில் வைத்து, கால்வாயில் படகில் வைத்துக் கொண்டுவந்தது. அதற்காக மதுராந்தகம் ஏரி வண்டலை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து மணலில் குழி நிரப்பியவர் அவர். நாலாம் வருஷம் அப்போதுதான் முதல் முதலாகக் காய்த்திருந்தது. ஐந்து பிஞ்சு.

நான் அதைச் சுற்றி வந்தேன். உறவு என்பதற்காகத் தரத்தைக் குறைக்க முடியுமா? சுண்ணாம்பால் பெரிதாக 'ஒன்று' என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டேன்.

"மாமா, தெருவுக்கே இதுதான் முதல் ராங்க்" என்றேன்.

மாமாவின் கண் கலங்கியது. துக்கத்திலா பெருமையிலா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. "நெசமாவா?" என்று மட்டும் கேட்டார். பிறகு கடப்பாரையை எடுக்கப் போனார்.

கதவுக்குப் பின்னாலிருந்து மும்தாஜின் குரல் வந்தது. எட்டாவது வரைக்கும் படித்தவள். அதற்கு மேல் பள்ளிக்கூடம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் என்பதால் நிறுத்திவிட்டார்கள்.

"மச்சான், ஒரு சந்தேகம். 'இன்' போட்டா இல்லேன்னு அர்த்தம்னு சொன்னியாமே. அப்ப இன்ஸ்பெக்டர்னா?"

நான் ஒரு கணம்தான் யோசித்தேன். "ஸ்பெக்டர்னா மூக்குக்கண்ணாடி. கண்ணாடி போடாத ஆபீசர் இன்ஸ்பெக்டர். கண்ணு நல்லா தெரியறவங்களாப் பாத்துத்தான் அந்த வேலைக்கு எடுப்பாங்க."

"இன்ச்சுன்னா?"

பதில் தெரியாத ஆண்பிள்ளைகள் அந்தக் காலத்தில் சொல்லுகிற பதிலைச் சொன்னேன். "உனக்கு இதெல்லாம் இன்னாத்துக்கு?"

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. வெளியே மாமா கடப்பாரையை ஓங்கிக் குழியில் இறக்கினார்.

ஏழாம் நாள் சாயங்காலம் தெருவைப் பார்க்கக் கண் கொள்ளவில்லை. அம்மிகள் ஒரு வரிசை, ஆட்டுக்கல்கள் ஒரு வரிசை, உரல்கள், இரும்பு நங்கூரங்கள், பித்தளை அண்டாக்கள், துணி துவைக்கிற கல் கூட. எங்கள் தொட்டி வாசலில் முதல் தரச் செடிகளின் குவியல். மல்லிகை, மருதாணி, கறிவேப்பிலை, தலை சாய்ந்து கிடக்கும் கத்திரிகள், எல்லாவற்றுக்கும் மேலே ஈரச் சாக்கு சுற்றிய மாமரம். வீட்டு மனைகளில் வைக்கோல் போர், காய்ந்த தென்னை மட்டை, பழைய வலை, கள்ளி எல்லாம் அலுங்காமல் பத்திரமாக இருந்தன. மூன்று நாளாக யாருக்கும் சட்னி கிடையாது. அரைக்க அம்மி தெருவில் இருந்தது.

எட்டாம் நாள் பகல் பதினோரு மணிக்கு, சைக்கிளைப் படகில் ஏற்றிக் கால்வாயைத் தாண்டி சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். முதலில் என் கண்ணில் பட்டது அவருடைய மூக்குக்கண்ணாடி. பாட்டில் அடி மாதிரித் தடியான கண்ணாடி. மாமா வீட்டு ஜன்னல் பக்கம் நான் திரும்பவில்லை.

அவர் அம்மிகளுக்கு நடுவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நங்கூரத்தைச் சுற்றினார். குவியலுக்கு முன்னால் நின்றார்.

"இன்னிக்கு இங்க சந்தையா?" என்று கேட்டார்.

அத்தா நாற்காலி போட்டு, சர்பத் டம்ளரைக் கையில் கொடுத்தார். "நோட்டீஸ்ல போட்டிருந்தபடி எல்லாம் எடுத்து வெச்சுட்டோம் சார். எங்க பையன்தான் படிச்சு சொன்னான். எஸ்.எஸ்.எல்.சி."

இன்ஸ்பெக்டர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். கணுக்கால் ஆழச் சருகைப் பார்த்தார். கள்ளி வேலியைப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இன்ஃப்ளேமபிள்னா என்ன?"

"தீப்பிடிக்காதது சார்."

"அப்ப தீப்பிடிக்கிறதுக்கு என்ன சொல்லுவாங்க?"

"ஃப்ளேமபிள் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை. "இல்லப்பா. சீக்கிரம் தீப்பிடிக்கிறதுக்குத்தான் இன்ஃப்ளேமபிள்னு பேரு."

கூட்டம் மொத்தமும் என் முகத்தைப் பார்த்தது. அந்த இடத்தில் நான் வாயை மூடியிருந்தால் சேதம் செடிகளோடு போயிருக்கும். ஆனால் அந்த ஏழு மார்க் என்னை விடவில்லை. 'இன்' என்றால் இல்லை. இன்ஸ்பெக்டர் என்ன, இங்கிலாந்து ராணி வந்து சொன்னாலும் இல்லைதான்.

"சார், நீங்க தப்பா புரிஞ்சிக்கினு கீறீங்க" என்றேன். (செங்கல்பட்டுத் தமிழ் போய்த் தெருத் தமிழ் வந்துவிட்டது. ஆத்திரத்தில் அப்படித்தான் வரும்.) "இந்த சருகு இருக்குது பாருங்க. இது எரியும். அதனால இது ஃப்ளேமபிள். இன்ஃப்ளேமபிள் கெடையாது. காட்டட்டுமா?"

"காட்ட வேண்டாம்" என்றார் அவர்.

அதற்குள், அன்றைக்கென்று அத்தா போட்டிருந்த சட்டையின் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, ஒரு கைப்பிடிச் சருகை உயர்த்திப் பிடித்து, குச்சியை உரசிவிட்டேன்.

சவுக்குச் சருகு எப்படி எரியும் என்பதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லி விளங்காது. 'குப்' என்ற ஒரு சத்தம்தான். விரல் சுட்டது. கையை உதறினேன். பதினோரு மணிக்குத் தொடங்குகிற கடல் காற்று அன்றைக்கு நேரம் தவறாமல் வந்திருந்தது. உதறிய நெருப்பு தரையில் விழுவதற்கு முன்பே நாலாகப் பிரிந்து தொட்டிக்குள் போய்விட்டது. நிரூபணம் முடிந்தது. நெருப்பு முடியவில்லை.

சருகுப் பாய் முழுக்க ஒரே நேரத்தில் பற்றியது. பிறகு மிலாறு. பிறகு ஓலைக் கொட்டகை. கொட்டகைக்குப் பின்னால் எங்கள் வண்டி மாடுகள் இரண்டும் கட்டியிருந்தன. அவை கத்திய கத்தல் இன்றும் என் காதில் இருக்கிறது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். படித்ததில் எதுவும் அந்த நேரத்துக்கு உதவவில்லை. செல்லம்மாதான் மீன் வெட்டுகிற கத்தியோடு புகைக்குள் போய் இரண்டு கயிற்றையும் அறுத்துவிட்டார். மாடுகள் அவரைத் தாண்டிக்கொண்டு கடற்கரைக்கு ஓடின. அவர் புடவைத் தலைப்பு கருகியிருந்தது.

ஆண்கள் கூடை கூடையாக மணல் அள்ளிக் கொட்டினார்கள். கடல் பக்கமிருந்து படகுப் பாய்களைத் தண்ணீரில் நனைத்துச் சுமந்து வந்தார்கள். கால்வாயிலிருந்து குடத்தோடு ஓடி வந்தவர்கள்தான் பாவம். பாதிப் பேர் நான் தெருவில் எடுத்து வைக்கச் சொன்ன அம்மிகளில் தடுக்கி, குடத்தோடு விழுந்தார்கள். யூசுப் மாமா தன் வீட்டு ஆட்டுக்கல்லிலேயே மோதிக் கால் கட்டைவிரல் நகத்தைப் பெயர்த்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சர்பத்தை வைத்திருந்த குடத்தையே தூக்கி ஊற்றினார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. கொட்டகை போய்விட்டது. மிலாறு முழுவதும் சாம்பல். பெருங்கட்டைகள் ஒரு பக்கம் கருகியதோடு பிழைத்தன. மனுஷருக்கு ஒன்றும் இல்லை. மாடுகள் நெம்மேலிப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்ததைச் சாயங்காலம் பிடித்துவந்தார்கள். ஆனால் வீட்டுச் செலவுக்கு வேறு வழியில்லாத ஒரு குடும்பத்தின் தொழிலில் பாதியை நான் ஒரே குச்சியில் முடித்திருந்தேன். அத்தா கருகிய கட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். அடிப்பார் என்று பக்கத்தில் போய் நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அனிபா" என்றார். "இனிமே எதனா படிக்கணும்னா மனசுக்குள்ள படி."

அவ்வளவுதான் சொன்னார்.

செல்லம்மா முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் வந்தார். "அதெல்லாம் சரி சார். அந்த ராங்குன்றானே, அது இன்னா?"

"ராங்க்னா, இந்த இடத்துல, கண்டபடி காடா மண்டிக் கிடக்கிறதுன்னு அர்த்தம்மா. கள்ளி, எருக்கு, முள்ளு. அதைத்தான் வெட்டச் சொல்லியிருந்தோம்."

தெரு மொத்தமும் முதலில் கள்ளி வேலியைப் பார்த்தது. பிறகு வாடிக் கிடந்த குவியலைப் பார்த்தது. யூசுப் மாமா நொண்டிக்கொண்டே போய், குவியலின் மேலிருந்து மாமரத்தை எடுத்துப் பிள்ளையை எடுப்பது போல மார்பில் சாய்த்துக்கொண்டார். பிஞ்சுகள் ஐந்தில் ஒன்றுதான் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் திரும்பும்போது அதுவும் விழுந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வைக்குத் தீயே தேவலை.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். யாருக்கும் அபராதம் எழுதவில்லை. இன்னும் ஏழு நாள் தருகிறேன் என்று சொல்லி, எதை எதை எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு வீடாகக் கையால் தொட்டுக் காட்டினார். படகில் ஏறும்போது அத்தாவிடம், "தீப்பெட்டியையும் இந்தத் தம்பியையும் ஒரே இடத்துல வைக்காதீங்க" என்று மட்டும் சொன்னார்.

தெருவில் கூட்டம் போட்டார்கள். கூட்டம் நீளவில்லை. தெருவில் உள்ள கள்ளி, எருக்கு, முள் அனைத்தையும் ஏழு நாளைக்குள் நான் ஒருவனே வெட்ட வேண்டும் என்று முடிவானது. சப்பாத்திக் கள்ளியை வெட்டுவது வெட்டுகிற வேலை மட்டும் இல்லை. ஒரு துண்டு மண்ணில் கிடந்தாலும் திரும்ப முளைத்துவிடும். நுனி பிளந்த கவைக்கோலால் குத்தி எடுத்து, ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பூ முள் விரலில் ஏறினால் மூன்று நாளைக்குச் சோறு பிசைய முடியாது. நான் வெட்டும்போது கோவிந்தன் பெண்சாதி வாசலில் நின்று, "இதுக்கு இன்னா ராங்கு, தம்பி?" என்று ஒவ்வொரு செடிக்கும் கேட்டாள். நானும் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னேன். அப்படிச் சொன்னால்தான் குடிக்கத் தண்ணீர் கொடுப்பாள்.

மாமா வீட்டு வேலியை வெட்டும்போது ஜன்னலுக்குள்ளிருந்து மும்தாஜ் கூப்பிட்டாள்.

"மச்சான், உங்கிட்ட டிக்ஷனரி ஒண்ணு கீதாமே."

"கீது."

"அத எனக்குக் குடு. உனக்குத்தான் அது தேவைப்படலியே."

அன்று சாயங்காலமே டிரங்குப் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தனுப்பினேன். வாங்கிய நாளிலிருந்து திறக்காத புத்தகம். உள்ளே பக்கங்கள் கூட ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவள் அவற்றை ஊசியால் பிரித்து ஒவ்வொன்றாகப் படித்தாள் என்று பிறகு தெரிந்தது.

செல்லம்மாவின் முருங்கை அந்த வருஷம் முழுவதும் தெருவிலேயே காய்க்கிற ஒரே மரம். காய் வேண்டுமென்றால் எல்லோரும் அவர் வாசலுக்குத்தான் போக வேண்டும். எங்கள் வீட்டுக்கு மட்டும் அவர் காசு வாங்கவில்லை. பதிலுக்கு நான் அவர் வீட்டு வாசலில் நின்று அந்த நோட்டீஸின் அர்த்தத்தை முதலிலிருந்து ஒரு தடவை சொல்ல வேண்டும். மாமாவின் மரம் சாகவில்லை. மறுபடி நட்டார். இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாக நின்று, ஆவணியில் துளிர்த்தது. ஆனால் ஒட்டுக்குக் கீழே, நாட்டு வேரிலிருந்து துளிர்த்தது. அதற்கப்புறம் அந்த மரம் காய்த்ததெல்லாம் பல் கூசுகிற புளிப்பு. ஒவ்வொரு கோடையிலும் ஒரு ஜாடி ஊறுகாய் போட்டு எங்கள் வீட்டுக்கு அனுப்புவார். சாப்பிடச் சொல்லி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். நான் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவேன்.

என்னோடு அவர் பேச ஆறு வருஷம் ஆயிற்று. இதற்கிடையில் மும்தாஜுக்கு இரண்டு மூன்று இடம் வந்தது. எல்லாவற்றையும் அவள் தட்டிவிட்டாள். மாமா காரணம் கேட்டபோது, "அவங்க எல்லாம் படிச்சவங்களாத் தெரியறாங்க. மச்சானுக்குப் படிக்கத் தெரியாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்ச இடமே மேல்" என்றாளாம். (காதல் வசனம் என்று இதை நான் எடுத்துக்கொண்டேன். வேறு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.)

எங்கள் நிக்காஹ் அன்று ஜமாஅத் முழுக்கப் பள்ளிவாசலில் உட்கார்ந்திருந்தது. எல்லாம் முடிந்து, நிக்காஹ் ஓதி வைத்த ஹஜ்ரத் பெரிய பதிவுப் புத்தகத்தை என் முன்னால் விரித்து, "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க மாப்பிள்ளை" என்றார். நான் குனிந்தேன். பின்னாலிருந்து யூசுப் மாமாவின் குரல் வந்தது. ஆறு வருஷத்தில் முதல் முதலாக என்னைப் பற்றி வாய் திறந்து பேசுகிறார்.

"ஹஜ்ரத், மாப்பிள்ளை கையெழுத்து மட்டும் போடட்டும். படிக்கிறதை எம் பொண்ணு பாத்துக்குவா."

பள்ளிவாசல் சிரித்து ஓய்கிற வரைக்கும் ஹஜ்ரத் காத்திருந்தார். வேறு வழியில்லாமல் புத்தகத்தைப் பெண் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். கால் மணி நேரம் வரவில்லை. எல்லோரும் பிரியாணி வாசனையை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்தபோது மும்தாஜ் மேலிருந்து கீழ் வரை படித்து, என் பெயரில் ஓரெழுத்து தப்பாக எழுதியிருந்ததைக் கண்டுபிடித்து, திருத்தச் சொல்லி அனுப்பியிருந்தாள். திருத்திய பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்திலும் பதிவுப் புத்தகம் வந்தால், கூட்டத்தில் யாராவது ஒருவர், "பொண்ணு படிச்சாச்சா?" என்று கேட்பார்கள். புதிதாகச் சம்பந்தம் பண்ண வருகிறவர்கள் விழிப்பார்கள். அவர்களுக்கு என் கதையை முதலிலிருந்து சொல்லி முடிக்கிற வரைக்கும் சாப்பாடு பரிமாற மாட்டார்கள். இதுவரைக்கும் பதினோரு கல்யாணம் நடந்திருக்கிறது. பதினோரு பெண்களும் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு பேர் தப்பும் கண்டுபிடித்தார்கள்.

மாப்பிள்ளைகளை யாரும் படிக்கச் சொல்வதில்லை.